ஏழாம் நிரல்

சட்டத்தில் என் பெயர் தனியார் புலனாய்வாளர்.
ஊரில், "விசாரிக்கிற பிள்ளை."
ஸ்ரான்லி வீதியில் போன் கடைக்கு மேலே ஒரு மேசை,
இரண்டு கதிரை, கீழே சாய்த்து வைத்த ஸ்கூட்டி.
இதுவரை யாரும் என்னிடம் அனுமதிப்பத்திரம் கேட்டதென்றால்
அது ஸ்கூட்டிக்குத்தான்.

இப்போது பதினொரு நிரல்களில் ஒரு படிவம்.
மூன்று பிரதி. தெளிவான எழுத்து.
வெட்டித் திருத்தினால் ஏற்கப்படமாட்டாது.

மூன்றாம் நிரல்: கட்சிக்காரர் வெளிநாட்டவரா?
பொருத்தமான கூட்டில் புள்ளடி இடுக.

ரொறன்ரோவில் இருந்து கதைக்கிற மனுசி
கொக்குவிலில் பிறந்தவ.
இருமி இருமிக் கேட்பா:
"தம்பி மதில் கட்டிப்போட்டானாம், உண்மையே?
மாமரம் எங்கட பக்கமோ, அவன்ர பக்கமோ?"
கடவுச்சீட்டுப்படி வெளிநாட்டவர்.
மாமரத்தின்படி?
அதற்குக் கூடு இல்லை.
ஆம் என்று போட்டேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.

நான்கு: பணம் வந்த வழி.
ஒஸ்லோவில் இருந்து வங்கிக்கு.
சூரிச்சில் இருந்து, திருவிழாவுக்கு வந்த ஒருவரின்
மணிப்பர்சில், எட்டாய் மடித்து.
அதையும் எழுதினேன், மடிப்பை விட்டுவிட்டு.

ஐந்து: விசாரணையின் தன்மை.
பெரும்பாலும் கலியாணம்.
குடிப்பாரோ. கடன் கிடக்கோ.
சாதி என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்,
"எந்தக் கோயிலடி ஆக்கள்?"
கோயிலின் பெயரையும் பூசை நேரங்களையும்
எழுதி அனுப்புவேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.
இந்த விதியை ஒருவரும் வர்த்தமானியில் போடவில்லை.
என்னுடையது.

ஏழு: விசாரிக்கப்பட்டவரின் முழுப்பெயர்.

ஒன்பது பேர்.
ஆறாவது பெயர் இருக்கிற இடம்
கச்சேரியில் பதினாலாம் யன்னல்.
இந்தப் படிவத்தை வாங்கி வைக்கிற யன்னல்.

போன மாசி. ஒஸ்லோவில் ஒரு தகப்பன், மகளுக்காக.
பதினாறு நாள் அவர் பின்னால் திரிந்தேன்.
மத்தியானச் சாப்பாட்டை நின்றபடிதான் சாப்பிடுவார்.
கூட்டுறவுக் கடையில் கடன், மாதாமாதம் குறைகிற கடன்.
சனிக்கிழமைகளில் பண்ணைப் பாலத்தடியில் தூண்டில்.
பிடித்ததில் பாதியைத் திரும்ப விட்டுவிடுவார்.
ஒருநாள், கடலைப் பார்த்துத் தனியாகச் சிரித்தார்.

அந்தக் கடைசி வரி தேவையில்லை.
அறிக்கை நீளமாயிருந்தால்
காசு கொடுத்தவருக்குத் திருப்தி என்று சேர்த்தேன்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
"தனியச் சிரிக்கிற ஆள் வேண்டாம்.
மிச்சக் காசு போட்டிருக்கு."

இரவிரவாக யோசித்தேன்.
ஒரு பெயரை விட்டால் தண்டம்.
எழுதினால், அதே வரியில் இரண்டாம் நிரலில்
ஒஸ்லோக்காரரின் பெயர், விலாசம், தொலைபேசி.
எழுதினேன்.
துணிவு என்று சொல்லமாட்டேன்.
வாடகை கட்டவேண்டும்.

யன்னலுக்குள் மின்விசிறி தலையாட்டிக்கொண்டிருந்தது.
அவர் அடிமட்டத்தை வைத்து
ஒவ்வொரு வரியாக இறக்கினார்.
ஆறில் நின்றது.
கண் ஏழாம் நிரலில் இருந்து
இரண்டாம் நிரலுக்குப் போனது,
திரும்பி வந்தது.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"தகப்பன் பேர் பிழை," என்றார்.
"விமலானந்தன் எண்டு றன்னகரம் போட்டிருக்கிறியள்.
அப்பா தந்நகரம்தான் எழுதுவார்."

"வெட்டித் திருத்தக்கூடாது எண்டு கிடக்கே?"

"நான் திருத்தலாம்."

ஒரு சுழியை வெட்டி மேலே எழுதினார்.
பக்கத்தில் சுருக்கொப்பம்.
அடுத்த பிரதியிலும் அப்படியே.
கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.
பார்ப்பதுதானே என் தொழில்.

முத்திரை குத்தினார்.
"மார்கழிக்கு முதல் புதுப்பிக்கோணும்."
மூன்றாம் பிரதியைக் கம்பிக்குக் கீழால் தள்ளினார்,
திருத்தாமல்.

"உங்கடயை நீங்களே திருத்துங்கோ," என்றார்.
"அடுத்த ஆள்."