மொறை வண்டி

பாகம் பிரித்தபோது
இருபத்துநாலு தறியில் ஆளுக்குப் பன்னிரண்டு.
கிணற்றுக்கு நாள் மொறை.
எண்பத்தாறாம் வருசத்துக் கான்டெஸாவை மட்டும்
அறுத்துக் கொடுக்க ஆளில்லை.
அதற்கும் மொறை வைத்தார்கள்:
தை முதல் ஆனி வரை அண்ணன்,
ஆடி முதல் மார்கழி வரை தம்பி.

வெயில் முழுக்க அண்ணன் பங்கில் விழுந்தது.

சித்திரை பத்தாம் தேதி
பல்லடம், உடுமலை ரோட்டில் என் பட்டறைக்கு
சட்டை முதுகில் ஒட்டிக்கிடக்க
வந்திறங்கினார் சென்னியப்பன்.
"மெக்கானிக் இல்லீங்களா, அம்மிணி?"
கையில் ஸ்பேனரோடு நின்றேன்.
அவராகப் புரிந்துகொள்ளட்டும் என்று.

பானட்டைத் தூக்கினால்
வண்டியோடு பிறந்த கம்ப்ரஸர்,
அம்மிக்கல் கனம், அசைவில்லை.
பழைய கேஸ் இனிக் கிடைக்காது.
புது கேஸுக்குப் பழைய எண்ணெய் ஒத்துவராது.
எண்ணெய் மாறினால் ரப்பர் வளையம் அத்தனையும் மாறணும்,
டிரையர், கண்டென்ஸர், முன்னால் ஒரு கரண்ட் ஃபேன்.
ஒன்றைத் தொட்டால் ஒன்பது.
நாற்பத்தெட்டாயிரம் என்றேன்.

பாதி அவனுது என்று
தம்பிக்குப் போன் போடச் சொன்னார்,
என் போனிலிருந்து.
அந்தப் பக்கம் ராக்கியண்ணன் சிரித்தார்:
"எம்பட மொறை ஆடியில வருதுங்க.
பாலக்காட்டுக் கணவாய் சும்மாவே அனுப்புது.
நாலு கண்ணாடியும் எறக்குனாப் போதும்.
பத்துப் பைசா தரமாட்டேன்னு சொல்லிருங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.
சொல்லவேண்டி வரவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றியபோது
புளோயர் கூட்டுக்குள் ஒரு எலி வீடு.
சிவப்பு, மஞ்சள், ராணிக் கலர்,
பனியன் வேஸ்ட்டில் மெத்தை கட்டி
நாலைந்து பிரசவம் பார்த்திருக்கிறது.
யார் மொறையில் குடிவந்ததோ.

நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி
மூட்டு மூட்டாகப் பார்த்தேன்.
கடைசி மூட்டில் ஒரே ஒரு குமிழ்,
கடுகளவு,
ஊதி ஊதி உடைந்தது.
அதை அடைத்து வேக்குவம் போட்டேன்.
குளிர் உள்ளே வருமுன்
இருந்த காற்று முழுக்க வெளியேறணும்.
ஒரு பொட்டு ஈரம் தங்கினாலும்
உறைந்து வழி மறிக்கும்.
முள் இருபத்தொன்பதில் நின்றது.
ராத்திரி இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.
முள் நகரவில்லை.

மறுநாள் பணத்தை எண்ணி வைத்தார்.
"மொத்தமும் நாந்தானுங்களே கொடுத்தேன்.
அவன் மொறையில இது ஓடக்கூடாது.
ஸ்விட்சை ஒளிச்சு வெச்சிருங்க."
எங்கே என்றேன்.
யோசிக்கவே இல்லை.
ஆஷ்ட்ரேயை இழுத்து, கையை உள்ளே விட்டு
ஒரு சந்தைக் காட்டினார்.
இரண்டு விரல் மட்டும் போகும் இடம்.
வயர் இழுக்க எனக்கு அரை நாள் ஆனது.

கேத்தனூர்ப் பக்கம் காற்றாலை எல்லாம்
பேய் பிடித்துச் சுற்றும் ஆடி வாரத்தில்
வண்டி திரும்பி வந்தது.
நாலு கண்ணாடியும் ஏறியிருந்தது.

"ஒரு வாசம் வருதுங்க, ஏசி போட்டா..."
ராக்கியண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
போட்டுக் காட்டுங்க என்றேன்.
கண் என்மேல் இருக்க
கை தானாக ஆஷ்ட்ரேக்குப் பின்னால் போனது.
க்ளிக்.

யார் சொன்னது இந்த இடத்தை?

"காலேஜ் படிக்கறப்ப சிகரெட் வெக்கற எடமுங்க.
ஒருத்தருக்கும் தெரியாது.
அண்ணன் மட்டும் ஒருக்காப் பாத்துட்டு
அப்பங்கிட்டச் சொல்லாம..."

அதோடு நின்றுவிட்டது பேச்சு.
கம்ப்ரஸர் கவ்வியது.
எஞ்சின் ஒரு மூச்சு தணிந்து எழுந்தது.

பெரிய கோளாறு இல்லை,
தண்ணீர் வடியும் குழாயில் தூசி.
ஊதிவிட்டேன். நூற்றைம்பது ரூபாய்.
பில் வேண்டாம் என்றார்.

வண்டிக்கடியில் சொட்டத் தொடங்கியது.
பட்டறை நாய் எழுந்து வந்து
நக்கிப் பார்த்துவிட்டு
அந்த ஈரத்திலேயே படுத்தது.
அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.
எடுங்க என்று
நானும் சொல்லவில்லை.