தொளாயிரம்

சாய்ந்தமருதுக் கரையில் தோணி தட்டின கையோடு
மீனுக்கு விலை கூறுகிறவன் நான்.
ஆதம்பாவாட தொண்டைக்கு மைக் தேவையில்லை என்பார்கள்.
தொண்டை இப்பவும் இருக்கிறது.
வாய்க்குள் மிஞ்சினது வெறும் முரசு,
கொட்டினால் எனக்கு மட்டும் கேட்கும்.

நோன்புக்கு முந்தின மாசம் ஒரு கூறு கீரிக்குத்
தொளாயிரம் என்றேன்.
தானா வழுக்கி
ஆயிரமாய் விழுந்தது மணலில்.
நூறு ரூபாய்க்கு ரெண்டு மச்சான்மார்
ஆளுக்காள் சட்டையைப் பிடித்தார்கள்.

மறுகா கட்டுப்பல் போட்டேன்.
மேல்வரிசை அண்ணத்தோடு ஒட்டி நின்றது.
கீழ்வரிசைக்கு நாக்கோடு பகை.
மூன்றாம் நாள் எட்டிக் கூவ
குதித்தது, பாரைக் குவியலுக்குள்.
"காக்கா, இதுவும் கூறோட சேர்த்தியா?"
கேட்டவன் ஜெமீல்.
கடலைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

மட்டக்களப்பு, திருமலை வீதி, மாடியில் ஏசி அறை.
டொக்டர் தர்மினி என் தாடையைத்
திரையில் விரித்து வைத்தார்.
முகமே இல்லாத ஒரு சிரிப்பு.
பல் போன இடமெல்லாம் எலும்பு
மாரிக் கடல் அரித்த கரைபோல
உள்வாங்கிக் கிடந்தது.
"பல்லுக்காகத்தான் அது நிண்டது.
பல் போனா ஆருக்காக நிற்கும்?"

பிறகு அவர் கூறத் தொடங்கினார்.
வாங்குகிறவன் பக்கத்தில்
முதல்முதல் நான்.

கீழுக்கு ரெண்டு ஆணி, டைட்டேனியம்.
அதன்மேல் சட்டைத் தெறிபோலக் கொளுவும் பல்வரிசை.
இரவில் கழற்றிக் கழுவலாம்.
கொஞ்சம் அசையும். பறக்காது.

நாலு என்றால், பின்னுக்கு ரெண்டையும் சாய்த்து,
நரம்பு வரும் இடத்துக்கு முன்னாலே நிறுத்தி.
பல் பாலம்போல நிற்கும்,
கழற்ற நான்தான் வேணும்.

மேலுக்கு எலும்பு மெது, ஆறு நல்லம்.
எலும்பு காணாட்டி வைத்து வளர்க்கவும் ஏலும்,
அதுக்கு வேற மாசங்கள், வேற காசு.

ரெண்டு. நாலு. ஆறு.
இலக்கம் ஏற லட்சமும் ஏறியது.
என் விரல் தன்பாட்டில் மடியில் தட்டியது:
ஒருதரம்.
ரெண்டுதரம்.

"சீனி எவ்வளவு?"
சொன்னேன். பேனை நின்றது.
"வெத்திலை?"
சொண்டைத் துடைத்தேன்.
"ரெண்டையும் அடக்கிப்போட்டு வாங்க.
ஆணி இறக்க ஒரு காலைநேரம் போதும்.
எலும்பு அதைப் பிடிக்க மூணு, நாலு மாசம்.
பிடிக்காமலும் போகலாம். அதையும் நான் சொல்லவேணும்."

இப்படி ஒரு கூறுகாரியை நான் கண்டதில்லை.
ஐஸில் ரெண்டு நாள் கிடந்த சூரைக்கு
நான் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

படியில் நின்று ஹயறுன்னிசாவுக்கு எடுத்தேன்.
வேன் வாங்க வைத்த காசு
மொத்தமும் ஆறுக்குப் போதாது என்றேன்.
"கழட்டுறதா, கழட்டாததா?"
ரெண்டு ஆணி, கழட்டுறது.
"கண்ணாடியையே காணாக்குற மனுசன்,"
என்றாள். கொஞ்சம் பொறுத்து,
"கீழுக்கு மட்டும் செய்யிங்க. நான் பார்த்துக்கிறன்."

கட்டுப்பல் ரெண்டும் லேஞ்சிக்குள், லேஞ்சி பைக்குள்.
பஸ் களுவாஞ்சிக்குடி தாண்டும்போது
ஜன்னல் பக்கம் திரும்பி
மெல்லச் சொல்லிப் பார்த்தேன்:
தொளாயிரம்.

கொண்டக்டர் நின்றான்.
"ஆயிரத்துக்கு மாத்தக் காசில்ல, காக்கா."