பாதியில் நின்ற குதிரை

லூனென்பர்க் துறைமுகத்தில்
படகு எஞ்சின்களுக்கு வயிற்றுவலி பார்க்கிறவள் நான்.
துப்பாக்கி என் பாடமல்ல.
எல்வுட் ஸ்விக்கர் அதை
உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்,
சுட்ட வாத்தைத் தூக்குகிறாற்போல, கழுத்தைப் பிடித்து.
கொட்டகைச் சுவரைப் பெயர்த்தபோது கிடைத்ததாம்.
"வேல்டா, அடுப்புக்கு மேலே மாட்டத்தான்.
குதிரை மட்டும் அசைந்தால் போதும்.
அவசரமில்லை."

குதிரை அசையவில்லை.
முழுக்க எழும்பாமல், முழுக்கப் படுக்காமல்
பாதியில் நின்றது.
எது குதிரை, எது துரு என்று
நகத்தால் சுரண்டித்தான் சொல்ல முடிந்தது.

அசிட்டோன் பாதி, கியர் எண்ணெய் பாதி.
சேரவே சேராது இரண்டும்,
திரிந்த பால்போலப் பிரிந்துகொண்டே இருக்கும்;
குலுக்கி ஒரு சொட்டு,
குலுக்கி இன்னொரு சொட்டு.
திருகுகளின் வாய் மெல்லியது.
என் திருப்புளிகளோ எஞ்சின் தின்று வளர்ந்தவை.
ஒன்றைச் சாணையில் பிடித்து
அந்த வாய்க்கென்றே மெலியவைத்தேன்.

அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரலாம்.
இது நகராது, தலை போகும்.
அதனால் அடிக்கவில்லை, தட்டினேன்,
பித்தளைத் துண்டால்,
ரேடியோவில் கடல் வானிலை ஓடுகிற நேரம் மட்டும்.
செவ்வாயன்று முதல் திருகு முனகியது.
வியாழன் இரண்டாவது.
கேப் உட்காரும் காம்பு
எதற்கும் மசியவில்லை.

சரி, நெருப்பு.
டார்ச்சைப் பற்றவைத்தேன். நீல நாக்கு.
கை சுடாமல் பிடிக்க
குழலுக்குள் ஒரு மரக்கோலைச் செருகினேன்.
புத்தியால் அல்ல,
பிடி வேண்டுமே என்றுதான்.
கோல் சீக்கிரம் நின்றுவிட்டது.

எடுத்து வெளியே வைத்து அளந்தேன்.
நாலு விரற்கடை குறைந்தது.

டார்ச்சை அணைத்தேன்.
துறையோரம் போய் நின்றேன்.
கடற்பறவைகள் யாருடைய மதியச் சாப்பாட்டுக்கோ சண்டை போட்டன.
முந்தாநாள் அதன் வாயில்
ஒற்றைக் கண்ணை வைத்து
உள்ளே பார்த்தவள் நான்.

கெட்டித்தபடியே இருந்திருக்கிறது.
இந்த மருந்துக்கு மட்டும் காலாவதித் தேதி கிடையாது.

வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி
மூன்று இரவு வாளியில் நிறுத்தினேன்.
கோல் நுனியில் ஒரு சுருள் கம்பி பற்றவைத்துத்
திருகித் திருகி இழுத்தேன்.
முதலில் வந்த தக்கை, செய்தித்தாள்.
'காட் மீன், குவிண்டாலுக்கு' வரை படிக்க முடிந்தது;
விலை கிழிந்திருந்தது.
பிறகு ரவை. ஒன்றோடொன்று ஒட்டி,
சாம்பல் பூத்து, அறுபத்து மூன்று.
இன்னொரு தக்கை.
அப்புறம் கறுப்புச் சேறு,
அழுகிய முட்டை வாசனையோடு.

யாரோ இடித்து நிரப்பி
குதிரையைப் பாதிவரை தூக்கியிருக்கிறான்.
வாத்து பறந்துவிட்டதோ.
அல்லது வந்தது
வாத்தே இல்லையோ.
பிறகு ஏன் அதைச் சுவருக்குள் வைத்துப்
பலகை அடிக்க வேண்டும்?

குழல் வெறுமையான பின்
காம்பு சூட்டுக்கும் மெழுகுக்கும் இணங்கியது.
ராத்திரி பத்து மணிக்கு, நான் கை துடைத்துக்கொண்டிருக்க,
கட்டைவிரல் பட்டதும்
குதிரை படுத்தது.
சின்ன சத்தம்தான், பல்லில் விதை கடிபடுகிற மாதிரி.

எல்வுட் வந்தான். கேட்டான். வெளுத்தான்.
"பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்தேனே,
வாய் என் முதுகுப் பக்கம்."
அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும்
அவன் நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.
ரவையைச் சாசரோடு நீட்டினேன்.
வேண்டாம் என்றான்.
வாசல்வரை போய்த் திரும்பி
ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மீன் விலை இல்லாத தாள்
ஹீட்டர் மேல் காய்கிறது.
மூன்றாவது திருகு இன்னும் உள்ளேதான்.
குலுக்கி ஒரு சொட்டு விட்டிருக்கிறேன்.
அவசரமில்லை என்று
அவனே சொல்லியிருக்கிறான்.