ஒன்பது பலகை

எங்கள் ஊரில் பருவங்கள் ஐந்து.
பனி உருகி, படுக்கை போதாமல்
ஆறு காட்டுக்குள் புரண்டு படுக்கும்
அந்த மூன்று வாரங்களுக்கும்
எஸ்டோனியாவின் இந்தச் சதுப்பில் தனிக் கணக்கு.

ஐந்தையும் எடுத்து வைத்திருக்கிறார் ஐவோ.
பால் லாரி ஓட்டுபவர்.
பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே
எஞ்சினை அணைக்காமல் இறங்குவார்,
இரண்டு கிளிக், மறுபடி ஏறிவிடுவார்.
கேமரா, பார்னு நகரத்தில் யாரோ கழித்துவிட்டது.
லென்ஸில் ஒரு கீறல்.
அதனால் எல்லாப் படத்திலும்
இடது மூலையில் மெல்லிய மழை.

ஜனவரி: ஏரியின் பனித்தளத்தில் துளையிட்டு
மீனுக்கு உட்கார்ந்திருக்கும் என் தம்பி தானெல்.
மீன் மாட்டிய கணம் அல்ல,
தெர்மாஸ் மூடி திறக்க வராத கணம்.
ஜூன்: இரவு பதினொன்றுக்கும் வடியாத வெளிச்சத்தில்
நெருப்பைத் தாண்டிக் குதித்தவனின்
செருப்பு மட்டும்.
செப்டம்பர்: கிரான்பெர்ரி பறிக்கப் போன நாள்.
வாளி. வாளி. மறுபடி வாளி. என் முதுகு.
நவம்பர் வெறும் இருட்டு.
இருட்டையும் பதினேழு எடுத்திருக்கிறார்.

சாரெமா தீவுக்குப் போன எங்கள் ஒரே விடுமுறையில்
காற்றாலையை விட்டுவிட்டு
காற்றாலையைப் படமெடுக்க நின்றவர்களின்
வரிசையை எடுத்தார்.
"என் முகத்தை எடுங்களேன்" என்றால்
"முகம் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது" என்பார்.
பதினோரு வருடங்களில்
என் முதுகுக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று
எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

இந்த ஏப்ரலில் தண்ணீர் கூடுதல்.
தபால் பெட்டிக்குக் கழுத்தளவு.
அடுக்கிய விறகு ஒவ்வொன்றாகக் கிளம்பி
பக்கத்து வீட்டு லெம்பித்தைப் பார்க்கப் போனது.
நான் உருளைக்கிழங்கை மாடிக்குச் சுமந்தேன்.
அவர் படகில் உட்கார்ந்து
சவுனாக் குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்,
துடுப்பு மடியில், கண் கேமராவில்.
திட்டினேன்.
தண்ணீருக்குக் கேட்டிருக்கும்.

மே மாதம் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து
கெர்த்து என்றொரு பெண் வந்தாள்.
இருபத்தைந்து இருக்கும்.
ரப்பர் பூட்ஸில் விலைச்சீட்டு கிழிக்கப்படவில்லை.
"தண்ணீர் எதுவரை ஏறியது, படம் ஏதாவது?"
படமா!
ஐவோவின் முகத்தை அப்போது யாராவது எடுத்திருக்க வேண்டும்.
அறுநூற்று நாற்பது இருந்தது.

அவள் தள்ளிக்கொண்டே போனாள்.
தண்ணீரில் பிர்ச் மரம். தண்ணீரில் மேகம்.
தண்ணீரில் நாரை, இரண்டு கால் நான்காக.
"சுவர் எங்கே?"
"இதோ, இதுதான் சுவர்."
"இது தண்ணீர்."
"தண்ணீரில் இருப்பது சுவர்."
நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.
மானம் போகும் நேரத்தில் காபியாவது இருக்கட்டும்.

திரும்பி வந்தபோது
அவள் கேமராவைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
துருப்பிடித்த ஆணியிலிருந்து
இத்தனை நாள் மேல்நோக்கி வழிந்த கறை
இப்போது ஒழுங்காகக் கீழே வழிந்தது.
கூரை விளிம்பில் தொடங்கி
நகத்தால் தொட்டு, உதடசைய எண்ணினாள்.
ஒன்பது பலகை.
பிறகு வெளியே போய்ச் சேற்றில் நின்று
மரச்சுவரை எண்ணினாள்.
பதின்மூன்று.
கீழ் நான்கும் தண்ணீருக்குள் என்று
படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

ஐவோ பேசவில்லை.
அவர் படம் ஒன்றை இவ்வளவு நேரம்
யாரும் பார்த்ததில்லை, நானும்தான்.

(தரைக்கும் கதவுக்கும் பணம் வந்தது.
அடுப்புக்கு வரவில்லை,
அது பழையது என்றொரு கடிதம்.)

கிளம்பும்போது கேட்டாள்:
"அந்தப் படத்தை எனக்கு அனுப்ப முடியுமா?"
"கோப்புக்கா?"
"கோப்புக்கு ஏற்கனவே எடுத்துக்கொண்டேன்."

அவள் பாலத்தை நெருங்கும்வரை பொறுத்திருந்து
ஐவோ கேமராவைத் தூக்கினார்.
முதுகு, பூட்ஸ், ஆடும் விலைச்சீட்டு.
நல்ல வெயில் நாள்.
இடது மூலையில் மட்டும் மழை.