காதுவில்லை

ஒரு கையில் மாட்டின் காது.
மறு கையில் ஒன்றேகால் கிலோ.

வாங்கிய அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு
கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில்
வேலையில்லாமல் இரண்டு தடவை நடந்தேன்.
பதினெட்டு விதமாய் எடுக்குமாம்:
பனிக்கு ஒன்று, பட்டாசுக்கு ஒன்று,
மெழுகுவத்திக்குக்கூட ஒன்று.
மாட்டுக்கு இல்லை.

அமுக்கினால் யோசிக்கும்.
மூக்கை நீட்டும், உள்ளிழுக்கும்,
பச்சைக் கட்டம் ஒன்று
கொம்புக்கும் கொட்டிலுக்கும் அலையும்.
அதற்குள் மாடு தலையை உதறிவிட்டுத்
தீவனத்துக்குத் திரும்பியிருக்கும்.
படத்தில் விழுவது
ஈ பறந்துபோன இடம்.

கம்பெனி கேட்பது ரொம்பக் கொஞ்சம்.
காதில் தொங்கும் மஞ்சள் வில்லை,
அதில் ஆறு இலக்கம்,
பின்னால் உயிரோடு ஒரு மாடு.
செல்போன் படம் செல்லாது என்று
பாலக்காட்டு ஆபீசில் சுற்றறிக்கை.
லென்சுக்கும் பள்ளியில் வில்லை என்றுதான் படித்தேன்.
ஒரு வில்லை இன்னொரு வில்லையைப்
பார்த்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் என் உத்தியோகம்.

வண்ணாமடையில் திருமாத்தாளின் சிந்துக் கலப்பு
ஆனி மாதம் சினையோடு செத்தது.
நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.
கடைசி இலக்கம் மூன்றா, எட்டா?
எட்டு என்று எழுதிக் கொடுத்தேன்.
படம் என் பக்கம் பேசவில்லை.
"இத்தாம் பெரிய பொட்டி வெச்சிருக்கியே கண்ணு"
என்றாள்.
திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

மீனாட்சிபுரம் சாவடி தாண்டி
பொள்ளாச்சியில் கமருதீன் ராவுத்தர் கடை.
கண்ணாடிமேல் ஐந்தை எடுத்து வைத்தார்.
"மெகா எத்தன வேணும்?"
"நம்பர் தெரியணும்."
"ஜூம்?"
"நானே கிட்டப் போயிக்குவேன்."
அப்போதுதான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.
ஐந்தையும் உள்ளே வைத்தார்.

கீழ் இழுப்பறையிலிருந்து
சோப்பு டப்பா போல ஒன்று.
முதுகில் யாரோ சாவியால் கீறிய கோடு,
வயிற்றில் இரண்டு பென்சில் பேட்டரி.
உள்ளங்கையில் வைத்தேன்.
ஒரு டம்ளர் பாலின் கனம்கூட இல்லை.
வாசலில் போன திருச்சூர் பஸ்ஸைப்
போகிற போக்கில் எடுத்தேன்.
பின்பலகையின் நாலு எண்ணும்
ஆணி அடித்தாற்போல் நின்றன.

"ஒரு கொற உண்டு, மறைக்கக் கூடாது.
கடிகாரம் செத்துப்போச்சு.
எப்ப அணைச்சாலும்
ரெண்டாயிரத்து ஏழு, ஜனவரி ஒண்ணு."
பழையதைக் கொடுத்தேன்.
இதைத் தந்து, கேட்காமலே
எண்ணூறு ரூபாயும் தந்தார்.
"கல்யாணத்துக்கு எடுக்கறவன் வாங்கிக்குவான்.
பொண்ணு மாப்பிள ஆடாம நிப்பாங்க."
மெமரி கார்டை மட்டும் உருவிக்கொண்டேன்.
அதற்குள் ஒரு மாடு
மூன்றாகவும் எட்டாகவும் நிற்கிறது.

பஸ்ஸில் தோள்
என்னவோ மறந்துவிட்டு வந்ததுபோல
வேலந்தாவளம் வரை தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் திருமாத்தாள் கொட்டில்.
கடனுக்குப் பிடித்த கிடாரி,
காதில் வில்லை போட்ட ரணம் ஆறவில்லை.
தேதிக்கு என்ன செய்வது?
மருமகள் ஷைலஜா சிலேட்டு கொண்டுவந்தாள்.
மலையாளப் பள்ளியில் படித்த கை,
எண்கள்கூட உருண்டை உருண்டையாய்.

இடது கையில் காது.
வலது கையில் படம்,
மிச்சமிருந்த இரண்டு விரலில் கயிறும்.
அமுக்கினேன்.
அது யோசிக்கவில்லை.

கிடாரி நாக்கை நீட்டி
சிலேட்டில் மாதத்தை மட்டும் நக்கியது.
ஷைலஜா சிரித்துக்கொண்டே மறுபடி எழுதினாள்.
மறுபடி எடுத்தேன்.

"இங்க குடு" என்று
முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு
வாங்கினாள் திருமாத்தாள்.
காதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்,
காதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.
ஆறு தடவை.
கடைசி இலக்கத்துக்கு மட்டும்
இன்னொரு தடவை.