மூன்றாவது எழுத்து

குத்தைசியில், ரியோனி ஆற்றுக்கு இக்கரைப் பள்ளியில்
எனக்கும் நுக்ரிக்கும் நடுவில்
ஒரு கண்ணாடிப் பலகை.
கண்ணாடி என்கிறேன், பிளாஸ்டிக்தான்;
கீழ்மூலையில் ஒரு கீறல், பழைய கோந்துத் தடம்.
முப்பத்து மூன்று எழுத்துகளும்
ஆறு கொத்துகளாய் அதில் ஒட்டியிருக்கின்றன.
அவன் பக்கம் நேராக,
என் பக்கம் இடவலம் மாறி.
பழகிப்போய், கடைக்கண்ணாடிகளின் பெயர்களை
இப்போது நான் உள்ளிருந்தே படிக்கிறேன்.

கை அவன் சொல் கேட்காது. நாக்கும் அப்படியே.
கண் கேட்கும்.
முதல் பார்வை கொத்துக்கு,
அடுத்தது நிறத்துக்கு,
இரண்டும் சேர்ந்தால் ஓர் எழுத்து.
அதை நோட்டில் இறக்குவது என் வேலை.

இதற்கு முன் பதினாறு ஆண்டு மருந்துக்கடை.
டாக்டர்களின் கிறுக்கலில்
முதல் இரண்டு எழுத்து பிடிபட்டால் போதும்,
மிச்சத்தை நானே போட்டுக்கொள்வேன்.
ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று சொல்லித் திரிந்தேன்.
இரண்டு முறை தவறியிருக்கிறது.

நவம்பரில் 'என் வீடு' என்று கட்டுரை.
நுக்ரி ம் பார்த்தான். பிறகு ஆ.
எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
அவன் அப்பா போலந்தில் ஏதோ ஒரு கிடங்கில்
மூன்று வருடமாய்ப் பெட்டி அடுக்குகிறார்.
'அப்பாவா?' என்றேன்.
அவன் கண் மூன்றாவது எழுத்தில் ஊன்றி நின்றது;
நான் அதற்குள் எழுந்துவிட்டேன்.
எலிசோ டீச்சரைக் கூப்பிட்டேன்.
அவர் தாய்க்குப் போன் போட்டார், அவள் அழுதாள்,
வகுப்பில் யாரோ கைதட்டினார்கள்.
செய்தி போலந்துவரை போய்
இரவு ஷிப்டில் ஒருவர் பெட்டிகளுக்குப் பின்னால்
உட்கார்ந்துவிட்டாராம்.

நுக்ரி கண்ணை மூடிக்கொண்டான்.
அடித்துச் சாத்த அவனிடம்
அந்த இரண்டு கதவுகள்தான் உண்டு.

நான்கு நாள்.
பலகையைத் தூக்கினால் இமை இறங்கும்.
சூப் ஊட்டும்போது திறப்பான்,
ஜன்னலைப் பார்ப்பான், ஹீட்டரைப் பார்ப்பான்,
என் காதுக்குப் பின்னால் எதையோ பார்ப்பான்.

ஐந்தாம் நாள் பிற்பகல்
அவனே தலையை ஒருக்களித்துப் பலகையைத் தேடினான்.
த்.
ஆ.
தா என்றால் எங்களுக்குச் சகோதரி.
அவனுக்கு ஒரு தங்கை உண்டு, கெட்டிக்காரி,
அவள் பெயர்கூட வாய்வரை வந்துவிட்டது.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இ.
த்ஸ்.
இருமல் வந்தது. கழுத்து சரிந்தது.
சுருட்டிய சால்வையை அணைகொடுத்தேன்.
ஆ.
த்.
ஏ.
ஏழு எழுத்து, பதினோரு நிமிடம்.
தாயித்ஸாதே:
பொறு.

பொறுத்தேன்.
மறுபடி ம், மறுபடி ஆ.
மூன்றாவது, தொண்டையை இறுக்கிச் சொல்லும்
அந்த இன்னொரு த்ஸ்.
மாத்ஸோனி.
தயிர்!

கட்டுரை முழுக்கத் தயிர்தான்.
வீட்டுத் தயிரில் கரண்டி நட்டால் நிற்கும்,
பள்ளித் தயிரில் கரண்டி நீந்தும்.
ஐந்து வாக்கியம் முடிய டிசம்பர் ஆனது.
கடைசி வாக்கியம் சமையல்கார த்சியாலாவைப் பற்றி;
அவள் ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை.
நுக்ரிக்கு அதில் ஏகச் சந்தோஷம்.
அன்று எழுதியது தயிர் என்று
போலந்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

இப்போது ஏப்ரல். ஆறு கலங்கி ஓடுகிறது.
நேற்று, மணி அடிக்கப்போகும் நேரம்,
யாரும் தலைப்புக் கொடுக்காமலே
அவன் ம் பார்த்தான். ஆ.
தயிர் என்று என் பேனா சாய்ந்தது, நிமிர்த்திப் பிடித்தேன்.
மூன்றாவது
ம்.
பிறகு கண் பலகை முழுதும் அலைந்தது,
ஆ இருக்கும் கொத்தின் ஓரம்வரை போனது,
நின்றது,
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தது.

வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

நோட்டில் மூன்று எழுத்து இருக்கிறது.
நான்காவதற்கு இடம் விட்டு
தேதி போட்டிருக்கிறேன்.