வெறும் ஓட்டம்

செல்லூரில் பரோட்டாக் கடைக்கு மாடியில் எங்கள் லேப்.
செல் எண்ணும் இயந்திரத்தின் மூடியில் மஞ்சள் முக்கோணம்,
அதற்குள் ஊசி இறங்கும் ஒரு விரல்.
யார் விரல் என்று போடவில்லை.
எனக்குத் தெரியும், எஸ்தர் தவமணியுடையது.

போன ஆடியில் அடைப்பெடுக்க
ஸ்விட்சை அணைக்காமல் மூடியைத் திறந்தாள்.
மேலே போயிருந்த ஊசி
தன் முறை வந்ததென்று இறங்கியது.
இருபத்தெட்டு நாள் மாத்திரை.
டிபன் டப்பாவைத் திறந்துவைத்து
வாந்தி வருமா வராதா என்று பார்த்திருப்பாள்.
குழாயில் இருந்தது யார் ரத்தம் என்று
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
மூன்றாம் மாத ரிப்போர்ட்டை என் மேசையில்
குப்புறப் போட்டுவிட்டு டீ வாங்கப் போனாள்.
டீயோடு இரண்டு வடையும் வந்ததில் புரிந்துகொண்டேன்.

அப்புறம் நான் எழுதி ஒட்டியது:
மூடியைத் தொடுமுன் ஒயரைப் பிடுங்கு.
கையுறையோடு போனை எடுக்காதே,
காதிலும் ரத்தம் ஒட்டும்.
கழிவுக் கேனைக் கழுத்துவரை நிறையவிடாதே.
பிளீச்சிங்கோடு ஆசிட் கலக்காதே,
மூச்சு உனக்கு வேணும்.
ரீஏஜென்ட் பிரிட்ஜில் தயிர் கூடாது
(இது ரெங்காராமுக்கு; பேர் போடவில்லை).
ரத்தத்துக்கு முன்னால் வெறுமையை எண்ணு.

கடைசி வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்.
யாருடையதும் அல்லாத வெறும் திரவத்தை உறிஞ்சி
எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் என்று
இயந்திரம் ஒருதரம் ஒத்துக்கொள்ள வேண்டும்.
காலையில் ஒத்துக்கொண்டது. காலையில் கடை பூட்டியிருக்கும்.

ஐப்பசி. படிக்கட்டு முழுக்கச் செருப்பு.
மாலை ஆறரைக்கு
லிதர்ஷன், வயது ஒன்பது, சிலைமான்.
பிளேட்லெட் அறுபத்தெட்டாயிரம்.
"அப்ப வீட்டுக்குக் கூட்டிப் போயிரலாம்ல?"
அவன் அப்பா வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.
பையன் ஈறில் மெல்லிய சிவப்புக் கோடு.
அந்தக் கோட்டுக்கும் இந்த எண்ணுக்கும்
பேச்சுவார்த்தையே இல்லை.

உட்காருங்க என்றேன்.
வெறும் ஓட்டம் விட்டேன்.
ஒன்றுமே இல்லாத நீரில்
நாற்பத்தோராயிரம்.

கீழே சிக்கந்தர் அண்ணன் கடையில்
சால்னாவுக்குத் தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது.
ஒரே லைன், எர்த் சரியில்லாத லைன்.
கிரைண்டரின் ஒவ்வொரு உதறலையும்
ஒரு குழந்தையின் ரத்தத்தில் சேர்த்து எண்ணியிருக்கிறது
பதினோரு லட்ச ரூபாய் இயந்திரம்.

அலமாரியின் அடியிலிருந்து கண்ணாடிச் சேம்பரை எடுத்தேன்.
ஈரப் பஞ்சோடு மூடி இருபது நிமிடம்.
அவன் அப்பா எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.
லென்ஸுக்குக் கீழே கட்டம் கட்டமாய்ப் போனேன்.
தூசி சும்மா கிடக்கும்,
துணுக்கு மினுங்கும்.
இமைத்தால் விட்டுப்போகும் என்று
இமைக்காமல் இருந்து கண்ணில் நீர் கட்டியது.

இருபத்திரண்டாயிரம்.

ஆட்டோ கோரிப்பாளையம் பக்கம் போனது.
பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பதோடு
எனக்குச் சேதி நின்றுவிட்டது.
ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள்
அப்புறம் வந்து சொல்வதில்லை.

இறங்கிப்போய்ச் சிக்கந்தர் அண்ணனிடம் சொன்னேன்.
மாவுக் கையோடு கேட்டார்,
"தேங்காயா? தேங்காய் என்னம்மா பண்ணுச்சு?"
விளக்கினேன். பாதி புரிந்தது.
மெக்கானிக் வந்து எர்த் கம்பி இறக்க
இன்னும் ஒரு வாரமாம்.

அதுவரை சாயங்காலம் ஆனால்
அடுப்படியிலிருந்து மாடியைப் பார்த்து
ஒரு குரல் வருகிறது:
"அரைக்கவா?"

"பொறுங்கண்ணே,
இன்னும் மூணு குழாய்."